ராக்கெட்டின் கால் கயிறு

செய்சென்பாய் தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் கூச்சமில்லாமல் சொல்வார்: "அடுத்தவன் குறி பார்த்துச் சுட்டுப் பேரு வாங்கணும். அதுக்காக அடி வாங்குறதுதான் என் உத்தியோகம்."

கராஷோக்கி ராணுவப் பயிற்சித்திடலில் எங்களுக்கு இரண்டு பிரிவுகள். வானத்தில் வருவதைச் சுட்டு வீழ்த்துவது ஒன்று. அவர்கள் சுடுவதற்காக வானத்தில் எதையாவது அனுப்பிவைப்பது மற்றொன்று. முதல் பிரிவுக்குப் பதக்கமும் பாராட்டும் சுவரில் படமும் உண்டு. இரண்டாவது பிரிவுக்குச் செய்சென்பாய் உண்டு. அனுப்பியது விழுந்தால் சுட்டவர்களின் திறமை. விழாமல் போனால் அதற்குப் பெயர் "இலக்கின் ஒழுங்கீனம்". எங்கள் விதிகளில் அப்படியேதான் இருக்கிறது. இலக்கைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது என்பதால், அதை அனுப்பியவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். செய்சென்பாய் போய் நிற்பார். திட்டு வாங்குவார். "சரி" என்பார். வீட்டுக்கு வந்து டீ குடிப்பார்.

ராணுவத்தில் வயது முடிந்து ஓய்வு கொடுத்தபோது சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேறு யாரும் அந்த நாற்காலிக்கு வர ஒப்பாததால், மறுநாளே கோட்டு மாட்டிக்கொண்டு அதே நாற்காலியில் சிவிலியனாக வந்து உட்கார்ந்தார். திட்டுகள் பழைய முகவரிக்கே வந்துகொண்டிருந்தன.

முன்பெல்லாம் வேலை சுலபம். பாராசூட்டில் ஒரு எரியும் விளக்கைக் கட்டி அந்தரத்தில் தொங்கவிடுவோம். அது ஆடிக்கொண்டே இறங்கும். நம்மவர்கள் ஆற அமரச் சுடுவார்கள். குண்டு படாவிட்டாலும் காற்றடித்து விளக்கு அணைந்துவிடும். காற்று அணைத்ததையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். இப்படி எத்தனையோ வருடம் வெற்றிமேல் வெற்றியாக வாழ்ந்திருந்தோம். அப்போதுதான் தலைநகரில் யாருக்கோ ஞானோதயம் வந்தது. இந்தக் காலத்து எதிரி பாராசூட்டில் தொங்கிக்கொண்டு வரமாட்டான், ஒலியைவிட வேகமாக வருவான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கிடங்கில் காலாவதியாகிக் கிடந்த பழைய விமான எதிர்ப்பு ராக்கெட்டுகளின் வெடிமருந்தைக் கழற்றிவிட்டு, அவற்றையே இலக்குகளாக மாற்றி அனுப்பவேண்டும் என்று உத்தரவு வந்தது.

செய்சென்பாய் ஒன்றை அனுப்பிப் பார்த்தார். அது போனது. அவ்வளவுதான். போனதை யாரும் பார்க்கவில்லை. போன பிறகு வந்த சத்தத்தை மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

உடனே கூட்டம் போட்டார்கள். சுடும் பிரிவின் தலைவர் கர்னல் நுர்மகம்பெட் பதக்கங்கள் கலகலக்க எழுந்தார்.

"நாங்க தயாராத்தான் இருந்தோம். டீக் கிண்ணத்தைக் கீழ வெக்கிறதுக்குள்ள அது பாட்டுக்குப் போயிருச்சு. எதிரியாவே இருக்கட்டும், வர்ற வழியில ஒரு நிதானம் வேணாமா? நம்ம பசங்களோட அனுபவத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"நியாயமான கேள்வி" என்றார் ஜெனரல் தெமிர்கான். திடலுக்கே அதிபதி அவர். எல்லோரும் எங்கள் வழக்கப்படி பெயரைச் சுருக்கி மரியாதையாகத் "தெமெகே" என்று அழைப்பார்கள். "என்ன செய்சென்பாய், உன் ராக்கெட்டைக் கொஞ்சம் மெதுவா அனுப்பக்கூடாதா?"

"மெதுவா அனுப்பினா ஒலியைவிட வேகமா இருக்காது, தெமெகே."

"ஒலியைவிட வேகமாவும் இருக்கணும். மேலிடத்து உத்தரவு. பசங்க கண்ணுக்கு நிதானமாவும் தெரியணும். அது என் உத்தரவு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது பௌதிகம். பௌதிகம் உன் பொறுப்பு."

செய்சென்பாய் "சரி" என்றார். எதற்குச் சரி என்று அவருக்கே தெரியவில்லை. வாய் பழகிவிட்டது.

கடைசியில், வேகத்தைக் குறைக்க முடியாது என்பதால் எதிர்பாராத தன்மையைக் குறைக்க முடிவானது. ராக்கெட் எந்தத் திசையில், என்ன உயரத்தில், என்ன வேகத்தில், எத்தனை மணிக்கு வரும் என்று முந்தின நாளே கர்னலுக்குச் சொல்லிவிடவேண்டும். காலையில் மறுபடி ஞாபகப்படுத்தவேண்டும். புறப்படும்போது போன் செய்யவேண்டும். பெண் கேட்டு வருகிற வீட்டார்கூட இவ்வளவு தகவல் கொடுத்துவிட்டு வருவதில்லை. ஒருமுறை சொன்ன நேரத்தை மாற்றக்கூடாது என்பதும் விதி. இந்தக் கடைசி விதியை எழுதினவரும் படித்தவரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் செய்சென்பாயின் வீட்டில் வேறொரு நெருக்கடி. அவர் மனைவி மராலுக்குக் கராஷோக்கி அலுத்துவிட்டது. மரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லாத ஊர். காற்று, மணல், காய்ந்த புல், ஜெனரல். மெர்கேயில் அவள் தங்கை இருக்கிறாள். அங்கே வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரங்கள். அங்குள்ள பள்ளியில் பௌதிக ஆசிரியர் இல்லை. செய்சென்பாய் வருவதாக இருந்தால் செப்டம்பர் வரை காத்திருப்பதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

"ஹெட்மாஸ்டருக்கு ஆள்தான் வேணும், பேப்பர் அப்புறம் வந்தாப் போதும்னு என் தங்கச்சி சொல்றா" என்றாள் மரால்.

"ஜெனரல் கையெழுத்துப் போட்டு விடுவிக்கணும் மரால். எல்லாம் முறைப்படி நடக்கணும்."

"முறைப்படியே இங்க மூக்கு முட்ட மணல் தின்னாச்சு. நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயில்ல ஏறுறேன். நீங்க வர்றதா இருந்தா வாங்க. இல்ல, உங்க ராக்கெட்டைக் கட்டிக்கிட்டு அழுங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டிகள் கட்டியாகிவிட்டன. படுக்கை விரிப்பைக்கூட மடித்துவிட்டாள். செய்சென்பாய் இரண்டு இரவாக வெறும் மெத்தையில் படுத்துக்கொண்டு, இந்த வயதில் தனியாக டீ போட்டுக் குடிக்கும் வாழ்க்கையை நினைத்து உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தலைநகரத்திலிருந்து பெரிய விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தது. ஒலியைவிட வேகமான இலக்கை நாங்கள் சுட்டு வீழ்த்துவதை அவர் நேரில் பார்க்கவேண்டுமாம். ஜெனரல் மறுபடி கூட்டம் போட்டார்.

"ஆட்டைக் காலையிலேயே அறுத்துருவோம். வெந்த தலை, மரியாதைக்கு அடையாளமா, இலக்கை அடிச்சவன் முன்னாடி போகும். தலை அடுப்புல ஏறிருச்சுன்னா இறங்கித்தான் ஆகணும். அது இறங்குறப்ப ராக்கெட்டும் இறங்கியிருக்கணும். புரியுதா?"

எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் ஜெனரல் நிறுத்தவில்லை. விழாவுக்கு நம் மண்ணின் மணம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

எங்கள் ஊர்களில் குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியதும் அதன் கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி, ஒருவரைக் கொண்டு வெட்டிவிடுவோம். வெட்டுகிறவரின் நடை குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் சோம்பேறியின் கையில் கத்தியைக் கொடுக்கமாட்டோம்.

"புது ராக்கெட்டு. விருந்தாளி முன்னாடி முதல் தடவை நடக்கப்போகுது. அதுக்கும் கால் கயிறு கட்டி வெட்டுவோம்" என்றார் ஜெனரல்.

கூட்டம் கைதட்டியது. உடனே, யார் வெட்டுவது என்ற சண்டை ஆரம்பமானது.

"அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைச்சா..." என்று கர்னல் நுர்மகம்பெட் எழுந்தார்.

"உட்காரு நுரெகே. உன் நடை அதுக்கு வந்தா என்ன ஆகுறது? உன் மேல மூணு விசாரணை வந்துச்சு. ஒண்ணுலயாவது மாட்டினியா?"

கர்னல் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அடக்கமாகப் புன்னகைத்தார். "அப்ப நீங்களே வெட்டுங்க, தெமெகே."

"நானா? மேலிடமே என்னை இத்தனை வருஷமாத் தேடுது, இன்னும் பிடிக்க முடியல. நான் வெட்டினா அந்த ராக்கெட்டை உங்களால கனவுல கூடச் சுட முடியாது." ஜெனரல் மேசையைத் தட்டினார். "நமக்கு வேண்டியது ஓடுறவன் இல்லை. மாட்டுறவன். எங்க இருந்து யாரு எதைச் சுட்டாலும் நேராப் போய் நெஞ்சுல வாங்கிக்கிறவன். இந்தத் திடல்ல அப்படி யாருப்பா இருக்கா?"

அறையிலிருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. செய்சென்பாயும் ஒரு கணம் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

அவமானமாக இருந்தது. ஆனாலும் சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டார். "வெட்டுறேன், தெமெகே. ராக்கெட் விழுந்துட்டா என்னை மெர்கேக்கு விடுவிச்சுக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"விழட்டும். விழுந்த கையோட கையெழுத்து" என்றார் ஜெனரல். அவர் வாக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் காட்டியதே கிடையாது.

அன்று மாலை மரால் கட்டிய பெட்டி ஒன்றை அவிழ்த்துக் கறுப்புக் கம்பளி நூலும் வெள்ளைக் கம்பளி நூலும் எடுத்தாள். தொடைமேல் வைத்து முறுக்கினாள்.

"நம்ம பொண்ணுக்கு முறுக்கினதுக்கு அப்புறம் இப்பத்தான் முறுக்குறேன். அதுவும் ஒரு இரும்புக் குழாய்க்கு" என்றாள். "சரி, எதுக்கு உங்களை வெட்டச் சொன்னாங்க?"

"மரியாதைதான்."

"பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவீங்க."

செய்சென்பாய் கையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு உண்மையைச் சொன்னார். மரால் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்று, கோபம் வந்து, நூலைத் தேவைக்கு மேல் இறுக்கி முறுக்கினாள்.

"அந்த ராக்கெட்டு பாவம், செகே" என்றாள்.

ஞாயிறு காலை ஏவுதளத்தில் ராக்கெட் சாய்ந்து நின்றது. மரால் முறுக்கிய கயிற்றை அதன் வால் துடுப்புகள் இரண்டில் கட்டியிருந்தார்கள். ஜெனரல் வந்தார், கர்னல் வந்தார், வாத்தியக்காரர்கள் வந்தார்கள். வழக்கப்படி குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்து நடத்த ஆள் வேண்டுமல்லவா? இரண்டு அதிகாரிகள் துடுப்புக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். யாரோ மிட்டாய்களை வாரி இறைத்தார்கள். ஏவுதளத்தின் வெல்டர் ஸ்தெபானிச் நான்கைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

செய்சென்பாய் கத்தியோடு குனிந்தார். பழைய ராக்கெட். எதிரியை அடிக்கவென்று பிறந்து, கிடங்கில் கிடந்து வயதாகி, இப்போது அடிவாங்க அனுப்பப்படுகிறது. அவருக்கு என்னவோ செய்தது. இது விழுந்தால்தான் கையெழுத்து, கையெழுத்து வந்தால்தான் மரால் என்று தெரிந்திருந்தும் வாய் முணுமுணுத்துவிட்டது: "என்னை மாதிரி மட்டும் ஆயிடாதே."

கயிறு அறுந்தது. அதிகாரிகள் எல்லோரும் வண்டியேறி, தொலைவில் விருந்தாளிக்காக அமைத்த கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். செய்சென்பாயும் ஸ்தெபானிச்சும் மட்டும் மிஞ்சினார்கள். சொல்லியிருந்த நேரம் பதினோரு மணி.

பதினொன்று நெருங்கியதும் செய்சென்பாய் கர்னலுக்குப் போன் செய்தார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, செகே" என்றார் ஸ்தெபானிச். "நம்ம ஊர்ல பதினொண்ணுன்னா ஒண்ணு. விருந்தாளி வந்திருந்தா ரெண்டு."

"சொன்ன நேரத்தை மாத்தக்கூடாதுன்னு விதி இருக்கு. சாயங்காலம் ரயிலும் இருக்கு" என்றார் செய்சென்பாய். பதினோரு மணிக்குப் பொத்தானை அழுத்தினார்.

கூடாரத்தில் நடந்ததைப் பிறகு சமையல்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். கர்னலின் மேசையில் போன் அடித்தது உண்மைதான். ஆனால் ஜெனரல் பேசும்போது போனை எடுப்பது ஒழுங்கீனம். சுடும் பிரிவு முழுவதும் கருவிகளை விட்டுவிட்டு, அந்தப் பேச்சைக் கேட்க வரிசையில் நின்றிருந்தது. இலக்கு வருவதற்கு எப்படியும் பகல் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"மதிப்பிற்குரிய விருந்தினரே!" என்று ஜெனரல் முழங்கிக்கொண்டிருந்தார். "இந்த வானத்தில் எங்களுக்குத் தெரியாமல் ஒரு ஈ பறக்க முடியாது. பறந்தால் அது எந்த ஊர் ஈ, எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று..."

அப்போதுதான் அந்தச் சத்தம். கூடாரம் ஒரு குலுக்குக் குலுங்கியது. குமிஸ் கிண்ணங்கள் கவிழ்ந்தன. விருந்தாளி மடியில் குதிரைப்பால் வழிய நிமிர்ந்து பார்த்தார்.

"இடி" என்றார் ஜெனரல்.

வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகமில்லை.

"எங்கள் பகுதியில் மேகமில்லாமலும் இடிக்கும். அதற்கும் நாங்கள் தயார் நிலையில் இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, ஈயை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பேச்சு முடிந்து, பதில் பேச்சு முடிந்து, எல்லோரும் கருவிகளுக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் வெறும் வானத்தைப் பார்த்த பிறகு, செய்சென்பாயின் போன் அடித்தது. கர்னல்.

"எங்கப்பா உன் இலக்கு? நாங்க தயார்."

"போயிருச்சே, கர்னல்."

"போயிருச்சா? எங்க?"

"சொன்ன இடத்துக்கு."

"எப்போ?"

"சொன்ன நேரத்துக்கு."

"சொன்ன நேரத்துக்கா! யோவ், உனக்கு மூளை கீளை இருக்கா? இந்த நாட்டுல எவன்யா சொன்ன நேரத்துக்கு வர்றான்? எதிரி வருவானா?"

செய்சென்பாய்க்கு முதலில் நெஞ்சு துள்ளியது. தப்பித்துவிட்டது! பயல் தப்பித்துவிட்டான்! அடுத்த நொடியே கையெழுத்து ஞாபகம் வந்து நெஞ்சு கீழே இறங்கியது.

ஆனால் அவர் எங்கள் நிர்வாகத்தைக் குறைத்து எடைபோட்டுவிட்டார். அடுப்பில் ஆட்டுத்தலை வெந்துகொண்டிருந்தது. கர்னல் வெறும் வானத்தை நோக்கி ஒரு ராக்கெட்டை ஏவினார். அது எதுவும் இல்லாத ஓர் இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்து, அங்கே போய் அழகாக வெடித்தது. விருந்தாளி கைதட்டினார். வாத்தியம் முழங்கியது. அதோடு விட்டிருக்கலாம். விருந்தாளிக்கு, விழுந்த இலக்கின் ஒரு துண்டு நினைவுப்பொருளாக வேண்டுமாம்.

ஸ்தெபானிச் கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு சமையற்கூடத்தின் பின்பக்கம் போனார். அங்கே பழுதான கொதிகலன் ஒன்று கிடந்தது. அதன் மூடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, நாலு தட்டுத் தட்டி நெளித்துக் கொடுத்தார். ஜெனரல் அதைச் சிவப்புத் துணியில் வைத்து நீட்ட, விருந்தாளி வாங்கிப் பரவசமானார்.

"இன்னும் சூடா இருக்கே!"

"ஒலியைவிட வேகமா வந்ததில்லையா?" என்றார் ஜெனரல்.

விருந்து தொடங்கியது. வெந்த தலை கர்னல் நுர்மகம்பெட் முன்னால் வந்தது. அவர் கண்கலங்கி, கத்தியை எடுத்து, விருந்தாளிக்குக் கன்னச் சதையும் ஜெனரலுக்குக் கண்ணும் அறுத்துக் கொடுத்தார். செய்சென்பாய் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாய்ப்பு வந்ததும் குனிந்தபடி ஜெனரலின் அருகே போய் விடுவிப்புக் கடிதத்தை நீட்டினார்.

"தெமெகே, ராக்கெட்தான் விழுந்துருச்சே."

ஜெனரல் அவர் தோளில் கைபோட்டார். "விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சு! விருந்தாளி அசந்துபோயிட்டார். இவ்வளவு நல்லா விழத் தெரிஞ்ச ஆளை எவன்யா வெளிய விடுவான்? உன்னை விட்டா மேலிடம் என்னைச் சும்மா விடுமா?"

"விழலேன்னாலும்..."

"விழலேன்னா ஒழுங்கீனம். அதுக்குத் தண்டனை, நீ இங்கயே கெடக்கணும். எப்படிப் பாத்தாலும் உன் வேலைக்கு ஆபத்தில்லை. கவலைப்படாதே." ஜெனரல் கர்னலைப் பார்த்தார். "நுரெகே, இவனுக்கும் ஏதாவது கொடு."

கர்னல் ஆட்டுத்தலையின் ஒரு காதை அறுத்து நீட்டினார். எங்கள் வழக்கத்தில் காதைச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்போம், பெரியவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு வளரட்டும் என்று. பேரன் எடுத்த மனிதருக்குக் காது கொடுத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

கூடாரமே சிரித்தது. செய்சென்பாயும் சேர்ந்து சிரித்தார். காதைக் கைக்குட்டையில் பொதிந்து கோட்டுப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கையெழுத்தில்லாத கடிதம் இன்னொரு கையில் இருந்தது. இத்தனை காலமும் எந்தத் திசை, எந்த வேகம், எத்தனை மணி என்று சொல்லிச் சொல்லியே தான் சுடப்பட்டு வந்திருப்பது, கூடார வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவருக்கு உறைத்தது. மெர்கே, ஞாயிறு, சாயங்கால ரயில் என்று ஜெனரலிடம் நீட்டிய கடிதத்திலும் அவரே எழுதியிருந்தார்.

வீட்டுக்குப் போனால் பூட்டியிருந்தது. அவர் ஸ்டேஷனுக்கு நடந்தார். பிறகு ஓடினார். தொப்பை குலுங்க, கோட்டு பறக்க ஓடும் அந்த மனிதரைச் சாலையோரத்து ஒட்டகம் ஒன்று மென்றுகொண்டே பார்த்தது.

ரயில் நகரத் தொடங்கியிருந்தது. மரால் பெட்டி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுத முகத்தோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையை நீட்டி இழுத்துப் போட்டாள்.

"கையெழுத்து?" என்றாள்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டினார். இல்லை.

"சொல்லிட்டு வந்தீங்களா?"

அதற்கும் தலையாட்டினார். இல்லை. மரால் அவரைப் புது ஆளைப் போலப் பார்த்தாள்.

ரயில் ஊரைத் தாண்டி ஓர் ஏரியின் கரையோரம் ஊர்ந்தது. திடலின் எல்லைக்கு அப்பால் ஓரிடத்தில் செய்சென்பாய் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார். மணலில் மூக்கைச் செருகி அவருடைய ராக்கெட் கிடந்தது. துடுப்புக் கோணியிருந்தது, வேறு ஒரு சேதமும் இல்லை. இரண்டு ஆடுகள் அதன் நிழலில் படுத்திருந்தன.

"பார் மரால், பத்திரமாப் போய்ச் சேந்துட்டான்."

கைக்குட்டையை அவிழ்த்துக் காதைக் காட்டினார். மரால் முகம் சுளித்தாள். "காதா? உங்களுக்கா? இந்த வயசுலயா?"

"பெரியவங்க சொல்றதைக் கேக்கணுமாம்."

"சாப்பிடுங்க."

ஆறிப்போயிருந்தது. உப்பும் குறைவு. அவர் மென்று விழுங்கினார். அப்போது போன் அடித்தது. திரையில் ஜெனரலின் பெயர். செய்சென்பாயின் கை பழக்கத்தில் தானாகவே போனை நோக்கிப் போனது.

"எந்தப் பக்கம் போறே, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்னு கேப்பார்" என்றார்.

"நீங்களும் சொல்லிருவீங்க." மரால் அவர் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். "காதைத் தின்னாச்சில்ல? இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. எடுக்காதீங்க."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஏரி கண்ணிலிருந்து மறையும்வரை அடித்துக்கொண்டே இருந்தது. செய்சென்பாய், தம் உத்தியோக வாழ்வில் முதன்முறையாக, ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்.